குரல் கரகரக்கிறது: பாடகர் குழுவை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி

பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 20. பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பதினொரு வயதிலிருந்து ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறார், இப்போது சோப்ரானோ, அதாவது குழுவின் நான்கு குரல்களில் உச்சமான பெண்குரல். காலை 9.30 முதல் 3.30 வரை கல்லூரி. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 மணியிலிருந்து 7.30 வரை ஒரு ட்யூஷன் சென்டரில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேருக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறார். மொட்டைமாடியில் தகரக் கூரை, கடகடக்கும் இரண்டு ஃபேன், கீழே பஸ் போகிற ரோடு. மாதம் 6,000 ரூபாய் கிடைக்கிறது. தேர்வுக் கட்டணமும் பஸ் செலவும் அதிலிருந்துதான். புதன், சனி இரவு 7.45 முதல் 9.45 வரை பிராக்டிஸ். கிறிஸ்துமஸ் வருவதால் அக்டோபரிலிருந்து வெள்ளியும் சேர்ந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை தனி. இரவு பத்தரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டு வரை படிப்பு, ஐந்து மணிக்கு எழுந்திரிப்பு.

செப்டம்பர் நடுவிலிருந்து, அதாவது ஐந்து வாரமாக, குரல் சரியில்லை. காலையில் தெளிவாக இருக்கிறது, சாயங்காலம் கரகரக்கிறது. முன்பு மேல் ஏ (ஏ, ஈ, ஜி எல்லாம் மேற்கத்திய சுரங்களின் பெயர்) வரை சுலபமாகத் தொட்டவருக்கு இப்போது ஈ-க்கு மேல் போனால் காற்றுதான் வருகிறது. வலி இல்லை, சளி காய்ச்சல் இல்லை. அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் தருகிறார். கொயர் மாஸ்டர், "பாடப் பாடத்தான் தொண்டை திறக்கும்" என்கிறார். போன மாதம் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் தோழி ஒரு மாத்திரை கொடுத்தாளாம். அன்று மட்டும் குரல் பளிச்சென்று வந்ததாம். ஒரு அரியர் இருக்கிறது. வருகைப்பதிவு 62 நாளில் 44 நாள். அப்பா, "டிகிரி முடிகிற வரைக்கும் கொயர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்பவை: குரல் போய்விட்டதா, ஆபரேஷன் வேண்டியிருக்குமா? பாடகர் குழுவை விட்டுவிட வேண்டுமா? டிசம்பரில் எழுத நினைத்த எட்டாம் கிரேடு பாட்டுத் தேர்வை என்ன செய்வது?

பதில்

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிப் போன ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. "காலாண்டு விடுமுறை ஒன்பது நாளும் ட்யூஷன் இல்லை, பிராக்டிஸ் மட்டும்தான், அப்போது ஓரளவு நன்றாகப் பாடினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாடியதுதான் காரணம் என்றால் அந்த ஒன்பது நாளில் குரல் தேறியிருக்காது. வீட்டில் எல்லோரும் பாட்டைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் சந்தேகிப்பது அந்தத் தகரக் கூரையை.

குரல்நாண் என்பது தொண்டைக்குள் இருக்கும் இரண்டு சிறு மடிப்பு. உங்கள் வயதுப் பெண்ணுக்கு அதன் நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். சாதாரணமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றோடொன்று நொடிக்குச் சுமார் 200 முறை மோதுகின்றன. நீங்கள் பாடும் மேல் ஜி-யில் நொடிக்கு 784 முறை. எண்ணிக்கையில் பாட்டு குறைந்ததல்ல, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பயிற்சி பெற்ற பாட்டில் மோதல் மென்மையாக இருக்கும். மூச்சு தாங்கும், நடுவில் இடைவெளி கிடைக்கும், மற்ற மூன்று குரலுக்குச் சொல்லித்தரும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். ட்யூஷனில் அப்படி இல்லை. சுற்றிச் சத்தம் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைப் பையனுக்குக் கேட்க வேண்டுமென்று தொண்டையை இறுக்கிக் கத்துகிறீர்கள். இரண்டரை மணி நேரம் அப்படிக் கத்திவிட்டு, புதனும் வெள்ளியும் பதினைந்தே நிமிட இடைவெளியில் போய் மேல் ஜி-யைப் பிடிக்கிறீர்கள். ஏற்கனவே வீங்கிய மடிப்பு அந்த வேகத்தில் அதிர மறுக்கிறது. இரண்டு மடிப்பும் முழுதாக ஒட்டாத இடைவெளியில் காற்று கசிகிறது. உங்களுக்கு ஈ-க்கு மேல் வருவது அந்தக் காற்றுதான்.

காலையில் தெளிவு, மாலையில் கரகரப்பு என்ற வரிசையும் இதையே சொல்கிறது: உழைப்பால் வரும் வீக்கம், இரவில் வடிகிறது. காலையில் மோசமாக இருந்து பகலில் தெளிந்தால், வயிற்று அமிலம் மேலே ஏறுகிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். பத்தரைக்குச் சாப்பிட்டு நள்ளிரவில் படுக்கிற உங்களுக்கு அதுவும் ஓரளவு சேர்ந்திருக்கலாம். கடிதத்தை வைத்து இதற்கு மேல் ஊகிப்பது சரியல்ல. உள்ளே பார்க்க வேண்டும்.

முதலில் பரிசோதனை, பிறகுதான் முடிவு

கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்நாணை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் பொதுவான விதி. உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் குரல்நாண் தெரியாது. அது நாக்கின் அடிக்கும் கீழே இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவோ, வாய் வழியாக வளைந்து பார்க்கும் கம்பிக் கேமராவோ வைத்துப் பார்ப்பார்கள். மரக்கச் செய்யும் மருந்தை ஸ்ப்ரே செய்துவிடுவதால் வலிக்காது, கொஞ்சம் குமட்டலாம். ஐந்து, பத்து நிமிட வேலை. "ஈ..." என்று சொல்லச் சொல்வார்கள். "ஸ்ட்ரோப் வசதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதில் அதிர்வை மெதுவாக ஓட்டியதுபோல் பார்க்கலாம் என்பதால் பாடகர்களுக்கு அது மிகவும் உதவும். இல்லாவிட்டால் சாதாரணக் கேமராவே முதல் படிக்குப் போதும்.

தனியாரில் செலவழிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. காலையில்தான், ஆகவே ஒரு நாள் காலையை ஒதுக்க வேண்டும். போகும்போது உங்கள் செல்போனில் இரண்டு பதிவு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே கீர்த்தனையின் முதல் இரண்டு வரி, காலை ஆறு மணிக்கு ஒன்று, அதே நாள் இரவு எட்டு மணிக்கு ஒன்று. காலையில் தெளிவாக இருக்கும் குரலை மட்டும் கேட்டால், "நன்றாகத்தானே பேசுகிறீர்கள்?" என்று அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. "நான் பாடுகிறவள், ட்யூஷனும் எடுக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். உடல்சோர்வு, எடை கூடுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது போன்றவை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் குரல் தடிக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் சில உண்டு. மூச்சு வாங்கும்போது சீட்டியடிப்பதுபோல் சத்தம், இருமினால் ரத்தம், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி. இவற்றில் எது வந்தாலும் அன்றே போங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் அறுந்து போனால், குரல்நாணுக்குள் ரத்தக்குழாய் உடைந்திருக்கலாம். அந்த நிமிடமே பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மீதிப் பாட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பதுதான் நிரந்தரத் தழும்பில் கொண்டுபோய் விடும்.

ஆபரேஷன் பயம்

உங்கள் வயதில், உங்கள் வேலையில், பெரும்பாலும் தெரிவது வெறும் வீக்கம். அல்லது இரண்டு மடிப்பிலும் எதிரெதிரே சின்ன முடிச்சு. முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மோதல் அதிகமாக விழும் இடத்தில் அது வரும். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையில் தோல் காய்த்துப்போகிறதே, அதுபோன்றது. புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறவும் மாறாது. முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான்: ஸ்பீச் தெரபிஸ்டிடம் வாரம் ஒருமுறை என்று ஆறு முதல் எட்டு அமர்வு, வீட்டில் தினமும் பயிற்சி. கத்துகிற பழக்கம் மாறினால் பெரும்பாலான முடிச்சுகள் சுருங்கிவிடும், அல்லது தொந்தரவு தராத அளவுக்கு மென்மையாகிவிடும். பழக்கத்தை மாற்றாமல் ஆபரேஷன் செய்தால் அதே இடத்தில் திரும்ப வரும். பயிற்சி எதுவும் கொடுத்துப் பார்க்காமல் யாராவது உடனே ஆபரேஷன் என்றால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த மாத்திரை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. ஒரே நாளில் குரல் பளிச்சிட்டது என்றால் ஸ்டீராய்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது வீக்கத்தைத் தற்காலிகமாக வடியச் செய்யும், காயத்தை ஆற்றாது. கால் சுளுக்கியவருக்கு வலி தெரியாமல் ஊசி போட்டு ஓட விட்டதுபோல, அன்று நீங்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பாடியிருப்பீர்கள். குரல்நாணைப் பார்க்காமல் அதைத் தரக் கூடாது. கேரல் ஆராதனைக்கு முன்பு மறுபடியும் அந்தத் தோழியிடம் கேட்காதீர்கள்.

அம்மாவின் பால் விஷயம். அதில் கெடுதல் இல்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் நொடியில் அந்த வழி மூடிக்கொள்கிறது. ஒரு துளி உள்ளே போனாலே புரையேறிவிடுகிறதே! ஆகவே தேன், மிளகு, இஞ்சி எதுவும் வீக்கத்தின் மேல் மருந்தாக விழாது. குரல்நாணுக்கு ஈரம் உடம்பின் ஈரத்திலிருந்துதான் வர வேண்டும். நாள் முழுக்கப் பரவலாக இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர், சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிற அளவுக்கு. தினமும் அதிமதுரம் மெல்லும் பழக்கம் பாடுகிறவர்களிடம் இருக்கிறது. தொடர்ந்து அதிகம் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், கவனம். ஆவி பிடிப்பதானால் வெறும் தண்ணீர் ஆவி, தைலம் வேண்டாம். அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் போன்ற மாத்திரைகள் தொண்டையை உலர்த்தும், தேவையில்லாமல் போடாதீர்கள்.

ட்யூஷனைச் சரிசெய்வது

விட்டுவிடுங்கள் என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம். 6,000 ரூபாய் இல்லாமல் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாது என்று நீங்கள் சொன்னபிறகு அந்த ஆலோசனை யாருக்கும் உதவாது. கத்தாமல் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் செய்ய வேண்டும்.

ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி, தலையில் மாட்டும் மைக்கோடு, இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்க வேண்டியது அதுதான். மைக்கை உதட்டுக்கு நேராக வைத்தால் மூச்சுச் சத்தம் அடிக்கும். வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி வையுங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவில் பேச வேண்டும். பலர் மைக்கையும் வாங்கிக்கொண்டு அதற்குள்ளும் கத்துகிறார்கள். அப்படிச் செய்தால் வாங்கிய காசு வீண்.

வரிசையாக உட்கார வைக்காமல், பிள்ளைகளை மூன்று பக்கமும் உங்களைச் சுற்றி உட்கார வையுங்கள். கடைசிப் பையன் எட்டடிக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. 28 பேரையும் ஒன்றாக வைக்காமல் பதினான்கு பதினான்காக, 5 முதல் 6.10 வரை ஒன்று, 6.20 முதல் 7.30 வரை ஒன்று என்று பிரிக்க முடியுமா என்று சென்டர்காரரிடம் கேளுங்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது என்பார். நெரிசல் பாதியாகும்போது ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பார்க்க முடிகிறது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பேச்சைக் குறைக்க வேலையை மாற்றுங்கள். வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் சொல்லட்டும். கணக்கைப் பலகையில் போடும்போது பேசாதீர்கள்; போர்டைப் பார்த்துப் பேசினால் குரல் பின்னால் போகவே போகாது, நீங்கள் இன்னும் கூட்டுவீர்கள். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். கூப்பிட்டு அடக்க ஒரு மேசை மணி போதும், "ஏய், சத்தம் போடாதீங்க!" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை கத்துவதை அது எடுத்துக்கொள்ளும். கடகடக்கும் ஃபேனுக்கு எண்ணெய் விடச் சொல்லிக் கேட்பதில் தயங்காதீர்கள்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் கண்ணில் பட்டது. தேற்றங்களை "சத்தமாக வாசித்துத்தான்" படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு, நாள் முழுக்க உழைத்த குரலில். அடுத்த ஆறு வாரமும் எழுதிப் படியுங்கள். கணிதத்துக்கு அது நல்லதும்கூட. கிசுகிசுப்பாக வாசிக்கிறேன் என்று மாற்றிக்கொள்ளாதீர்கள், கிசுகிசுப்பு பலருக்குத் தொண்டையை இன்னும் இறுக்குகிறது. தொண்டையைச் செருமும் பழக்கமும் அப்படித்தான். செரும வந்தால் ஒரு மிடறு தண்ணீர், அல்லது எச்சிலை அழுத்தி விழுங்குங்கள்.

பாடகர் குழுவில் ஆறு வாரம்

பரிசோதனையில் ரத்தக்கசிவோ வேறு பெரிய குறையோ இல்லையென்றால் பிராக்டிஸுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்த வேண்டியது மேல் சுரங்களை. அல்லேலூயா கோரஸ் பயிற்சி நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஹேண்டலின் அந்தக் கோரஸில் ராஜாதி ராஜா என்று வரும் இடத்தில் மற்ற குரல்கள் கீழே துள்ளிக்கொண்டிருக்க, சோப்ரானோ மட்டும் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து, டி-யில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஜி வரை ஏறும். வீங்கிய குரல்நாணுக்கு அதைவிடக் கடினமான சோதனை இல்லை. அதை வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏழெட்டு முறை "இன்னொரு தடவை" என்று எடுக்கிறீர்கள்.

கொயர் மாஸ்டரிடம் ஆறு வாரத்துக்கு ஆல்டோவில் (சோப்ரானோவுக்குக் கீழே பாடும் பெண்குரல்) நிற்க அனுமதி கேளுங்கள். மருத்துவரின் சீட்டிலேயே "ஆறு வாரம் மேல் சுரங்கள் தவிர்க்கவும்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் வாக்குவாதம் வராது. ஆல்டோ என்றால் இறக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராகம் பெரும்பாலும் சோப்ரானோவில் இருக்கிறது. ஆல்டோ நடுவில் நின்று, காதால் கோர்வையைக் கேட்டு, சொந்தச் சுரத்தைப் பிடிக்க வேண்டும். சுரம் வாசிக்கும் திறமை வளர்வது அங்கேதான். கீழ்ச் சுரங்களை மார்பிலிருந்து தள்ளிப் பாடாதீர்கள், அதுவும் சுமைதான். "பாடப் பாடத்தான் திறக்கும்" என்று மாஸ்டர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: குளிர்ந்த குரல் பத்து நிமிடப் பயிற்சியில் திறக்கும். ஐந்து வாரமாக வீங்கியிருக்கும் குரல் அப்படித் திறக்காது. மரியாதையோடு அந்த வித்தியாசத்தைச் சொல்லலாம்.

ட்யூஷனும் பிராக்டிஸும் சேர்ந்து வரும் நாளில் இரண்டுக்கும் நடுவே குறைந்தது அரைமணி நேரம் வாய் திறக்காத இடைவெளி வேண்டும். 8 மணிக்கு வந்து சேர்கிறேன் என்று கேளுங்கள். அல்லது வந்து உட்கார்ந்து முதல் கால்மணி பாடாமல் தாளைப் பார்த்து மனதுக்குள் பாடுங்கள். மனதுக்குள் சுரம் ஓட்டுவதும், தாளத்தைத் தொடையில் தட்டுவதும், வார்த்தைகளை உதட்டால் மட்டும் சொல்வதும் பயிற்சிதான். ஆல்டோ பாகத்தின் பதிவை யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் பஸ்ஸில் கேட்டே பாதி கற்றுக்கொள்ளலாம்.

தினமும் செய்ய ஒரு பயிற்சி. ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர், சாதாரண கூல்டிரிங்ஸ் ஸ்ட்ரா ஒன்று. ஸ்ட்ராவின் முனை தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கட்டும். உதட்டை ஸ்ட்ராவைச் சுற்றி மூடிக்கொண்டு "ஊ" என்று மெதுவாகக் குரல் கொடுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீரில்லை, தண்ணீர் தெறித்தால் அழுத்தம் அதிகம். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சறுக்குமரம்போல இழுத்துப் பாருங்கள், தொண்டை இறுகும் இடத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை: காலையில், ட்யூஷன் முடிந்ததும், பிராக்டிஸ் முடிந்ததும். ஸ்ட்ராவும் தண்ணீரும் தடுப்பதால் திரும்பி வரும் அழுத்தம் மடிப்புகளை மென்மையாக மோத விடுவதால் இது பலன் தருகிறது.

ஒரு சிறு நோட்டில் கணக்கு வையுங்கள். காலை ஒரே நேரத்தில், மிக மிக மெதுவாக "ஊ" என்று மேலே போய், காற்றுக் கசியாமல் எந்தச் சுரம் வரை வருகிறது என்று எழுதுங்கள். சத்தமாகப் பாடினால் வீக்கம் இருப்பது தெரியாமல் போய்விடும், மெதுவாகப் பாடும்போதுதான் அது வெளியே தெரியும். வழக்கத்தைவிட இரண்டு அரைச்சுரம் இறங்கியிருந்தால் அன்று பிராக்டிஸில் பாதிக்குரல்தான். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் சிலருக்கு மேல் சுரம் தானாகவே இறங்கும். அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டால் வீண் பயம் வராது.

வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் பற்றி. திறந்த வெளியில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், வண்டியிலும் பாடிக்கொண்டே, பனியில் இரவு இரண்டு மணி வரை. ஆராதனையில் பாடுவதைவிட பல மடங்கு சுமை இதில்தான். இந்த வருடம் ஒரே ஒரு இரவு போங்கள். அதுவும் கேரல் ஆராதனைக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு. டிரம்ஸிலிருந்து தள்ளி நில்லுங்கள், வண்டிக்குள் பாட வேண்டாம்.

வருகைப்பதிவு, தேர்வு, அப்பா

தேர்வெழுத பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்தால் நீங்கள் 68 நாள் வந்திருக்க வேண்டும். 44 வந்திருக்கிறீர்கள். மீதி 28 நாளில் 24 நாள் வர வேண்டும், ஆக கையில் இருப்பது நான்கு நாள்தான். அதில் ஒரு நாள் மருத்துவமனைக்கு. மற்ற மூன்றைத் தொடாதீர்கள். 65-லிருந்து 75-க்குள் இருப்பவர்களுக்கு மருத்துவக் காரணம் காட்டி, கட்டணம் கட்டி விலக்குக் கேட்கும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. உங்கள் கல்லூரியின் விதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஓ.பி. சீட்டை அதே நாளில் நகல் எடுத்து வையுங்கள். ஆலய நிகழ்ச்சிக்கு ஓ.டி. (ஆன் டூட்டி வருகை) கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்; அது கல்லூரியின் சார்பில் போகும் போட்டிகளுக்குத்தான் பொதுவாகத் தருவது.

உங்களுக்கு ஒரு வசதி அமைந்திருக்கிறது. தேர்வு நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. குரலுக்கு ஓய்வு தேவைப்படும் ஆறு வாரமும் படிக்க வேண்டிய ஆறு வாரமும் ஒன்றாக வருகின்றன. படிப்பு சத்தமில்லாத வேலை. இரவு பன்னிரண்டு வரை இழுப்பதை பத்தே முக்காலோடு நிறுத்தி, காலை ஐந்து முதல் ஆறரை வரை அரியர் தாளுக்குக் கொடுங்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் திசு ஆறாது, தேற்றமும் தங்காது. பிராக்டிஸ் உள்ள நாட்களில் சாப்பாட்டின் பெரும்பகுதியை ட்யூஷனுக்கு முன்பே, நாலரைக்கு முடித்துவிட்டு, இரவு வந்து இரண்டு இட்லியோடு நிறுத்தினால் அமிலத் தொல்லையும் குறையும்.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். அரியரைப் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம். கொயரை விட்டால் குரல் சரியாகும் என்று அவர் நினைப்பது மட்டும்தான் தவறு, அதற்கு காலாண்டு விடுமுறையே சாட்சி. தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்: நவம்பர் முடியும் வரை வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் இல்லை, தேர்வு நாட்களுக்கு முந்தைய இரவு பிராக்டிஸ் இல்லை, மீதி 28 நாளில் 24 நாள் கல்லூரி, மருத்துவர் சீட்டு இதோ. தேர்வு முடிவு வந்ததும் இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். வாரம் மூன்று இரவில் ஒன்றை விட்டுக்கொடுப்பது உங்களுக்குக் கஷ்டம்தான். மூன்றையும் இழப்பதைவிட அது மேல்.

எட்டாம் கிரேடு தேர்வை இந்த டிசம்பரில் எழுத வேண்டாம். பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, கட்டாதீர்கள். கிரேடு தேர்வு நடத்தும் இரண்டு அமைப்புகளில் டிரினிட்டியில் முந்தைய கிரேடோ தியரியோ முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அதனால் எந்தச் சுற்றிலும் நேரடியாக எழுதலாம். மற்றொன்றான ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்றால் ஆறாம் கிரேடு முதல் மேலே எழுத ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு இணையாக அவர்கள் ஏற்கும் தேர்வோ வேண்டும்; தியரியைக் குரல் ஓய்வில் இருக்கும்போதே படித்து முடிக்கலாம். இருபது வயதுக் குரல் இன்னும் முழுதாக முதிரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போது சோப்ரானோவா மெஸ்ஸோவா (நடுப் பெண்குரலா) என்று முத்திரை குத்திக்கொள்ள அவசரம் இல்லை.

அடுத்த வாரத்திலேயே ஹைகிரவுண்டுக்குப் போய்விட்டு, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுதுங்கள். வெறும் வீக்கம் என்றால் மேலே சொன்ன ஆறு வாரம் போதும், நவம்பர் கடைசியில் மெதுவாக எஃப்-பும் ஜி-யும் தொட்டுப் பார்க்கலாம். முடிச்சு என்றால் ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லும் வரை ஆல்டோவிலேயே இருங்கள். டிசம்பர் 24 இரவும் ஆல்டோவில்தான்.